மாமனாரை ஊத வைத்த காலை

நான் கத்திப் பிழைப்பவள். ஓசூர் ரோடு பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நுரையீரல் சோதனை அறை என் ராஜ்ஜியம். வருகிறவர் மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் குழாயைச் செருகி, "நல்லா இழுங்க, இழுங்க, இப்ப ஊதுங்க! ஊதி, ஊதி! ஃபூங்கோ!" என்று தமிழ், கன்னடம், உருது மூன்றிலும் அலறுவேன். வெளியே காத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு அப்போதே மூச்சு முட்டிவிடும். வைட்ஃபீல்டிலிருந்து வரும் கம்ப்யூட்டர் பிள்ளைகள், "மேடம், கத்தாம சொல்லக் கூடாதா?" என்பார்கள். கூடாது. மெதுவாகச் சொன்னால் மனிதன் பாதி மூச்சைப் பதுக்கிவிடுவான்.

நுரையீரலைப் போல ஒரு சோம்பேறி உடம்பில் கிடையாது. காற்றை இழுக்க அதற்கென்று ஒரு தசைகூட இல்லை. கீழே உதரவிதானம் இறங்கிக் கொடுக்க வேண்டும், பக்கத்தில் விலா எலும்புகள் வாளிக் கைப்பிடி மாதிரித் தூக்கிக் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் துரை காற்று வாங்குவார். வெளியே விடுவது மட்டும் இலவசம். இழுத்த ரப்பர் தானே சுருங்குகிற மாதிரி சுருங்கித் தள்ளிவிடும். அந்த ரப்பர் தொய்ந்தவர்கள்தான் என்னிடம் வந்து திட்டு வாங்குகிறார்கள்.

ஒரு ஆகஸ்ட் காலையில் என் மாமனாரே வந்தார். அடுகோடியில் ஒரு பட்டறையில் வண்டிகளுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பவர். முகத்துக்குப் பாதுகாப்பு ஒரு பழைய கர்ச்சீப். மற்ற நேரங்களில் பேண்டு செட்டில் ட்ரம்பெட். நீலசந்திராவில் பாதிப் பேரைக் கல்யாண மண்டபத்துக்கும் மீதிப் பேரைக் கல்லறைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்த வாய் அது. செப்டம்பரில் மாதா தேருக்கு முன்னால் நடந்து ஊதுகிறவரும் அவர்தான். மாடிப்படியில் அவர் நின்று நின்று ஏறுவதைப் பார்த்து நான்தான் டாக்டரிடம் இழுத்து வந்தேன். ரிப்போர்ட் வரும்வரை ட்ரம்பெட்டைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஊதச் சொன்னேன். கண்ணை மூடி, உதட்டை இறுக்கி, மெல்ல மெல்ல, அவ்வளவு அழகாக மூச்சை விட்டார். திரையில் கோடு எழுந்திருக்க மனசில்லாமல் தாழ்வாகவே ஊர்ந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். பாட்டு முடியும்வரை காற்றைச் சிக்கனம் பிடித்தே பழகிய ஆள். மிஷினுக்கு வேண்டியதோ எடுத்த எடுப்பில் ஒரு வெடி. தப்பு ஊதுகிற விதத்தில்தான், நுரையீரலில் இல்லை என்று நம்பினேன்.

"மாமா, இங்க பாட்டு வாசிக்காதீங்க. ஒரே தள்ளு!"

"அப்படி ஊதுனா சுருதி போயிடும்மா."

"சுருதிய யாரு கேட்டா? தள்ளுங்க!"

மறுபடியும் அதே சிக்கனம். வீட்டில் அவர் முன்னால் நான் குரலை உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினேன். "ஊதுங்க! விடாதீங்க! காலைல சாப்பிடலையா? ஊதுங்க மாமா!" பாவம், பயத்தில் கண்ணைத் திறந்தவர் அப்படியே வெடித்துவிட்டார். கோடு செங்குத்தாக ஏறியது. ஏறிய கையோடு குழிந்து விழுந்தது.

அந்தக் குழியை நான் தினமும் பார்க்கிறேன். உள்ளே ரப்பர் தொய்ந்து, குழாய்கள் ஒட்டிக்கொள்ளும்போது வருவது. இத்தனை நாள் அவர் காட்டிய சிக்கனம் வித்தை மட்டும் இல்லை, கையிருப்பே அவ்வளவுதான் என்று அப்போதுதான் புரிந்தது.

இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்தை உறிஞ்சவைத்து, கொஞ்ச நேரம் உட்காரவைத்து, திரும்ப ஊதச் சொல்வோம். கோடு உயர்ந்தால் மருந்திலேயே சமாளிக்கலாம், டாக்டர் தேருக்கு விட்டாலும் விடுவார். உயராவிட்டால் ட்ரம்பெட் அவ்வளவுதான். இதை அவரிடமும் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, "தேருக்குப் புதுக் கோட்டு தைக்கக் குடுத்திருக்கேன். சிவப்பு," என்றார். மூன்று விரல்கள் தொடையின் மேல் தேர்ப்பாட்டை அழுத்திக்கொண்டிருந்தன.

கிளிப்பை மாட்டினேன். இந்த முறை சொல்லிக்கொடுத்தபடியே, ஒரு குறையும் இல்லாமல் ஊதினார். நான் கத்திய கத்தலில் செக்யூரிட்டி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். திரையில் புதுக் கோடு பழைய கோட்டின் மேலேயே ஊர்ந்து, அதே இடத்தில், அதே குழியில் இறங்கியது. "இன்னும், மாமா! இன்னும்! இன்னும் இருக்கு, ஊதுங்க!" அவரிடம் தீர்ந்துபோய் வெகுநேரம் ஆகியிருந்தது. எனக்கு நிறுத்த முடியவில்லை.

குழாயை அவரே வாயிலிருந்து எடுத்தார். கிளிப் மாட்டிய மூக்கோடு, கொணகொணவென்று சொன்னார்: "போதும்மா. மூச்சு இல்லாதது எனக்கு. நீ ஏன் இப்படி மூச்சு வாங்கற?"