மஞ்சள் குருவிகள் போன இடம்

முப்பத்தோரு வருடம் ஒரு தொழிற்சாலை வாசலில் காவலுக்கு நின்றவர் அவர். உள்ளே வேலை செய்த அத்தனை பேரின் முகமும் அவருக்கு அத்துப்படி. அடையாள அட்டையை மறந்துவிட்டு வருபவர்களைக்கூட, "போய்யா, உன் மூஞ்சியே போதும்" என்று உள்ளே விடுவார். ஓய்வு பெற்றதும் பொழுது போகாமல், வீட்டுப் பின்பக்கம் கம்பியில் குருவிகளுக்கு ஒரு தீனித்தட்டைத் தொங்கவிட்டார்.

கோடையில் நான்கு மஞ்சள் குருவிகள் வந்தன. ஒன்றுக்கு இடது காலில் ஒரு விரல் இல்லை. மற்றவற்றை அதட்டி விரட்டிவிட்டுத்தான் அது தின்னும். 'மேஸ்திரி' என்று அதற்குப் பெயர் வைத்தார்.

குளிர் தொடங்கியபோது மஞ்சள் குருவிகளைக் காணோம். தட்டில் அழுக்குப் பழுப்பு நிறத்தில் வேறு நான்கு உட்கார்ந்திருந்தன.

"நம்மாளுங்கள துரத்திட்டு வந்து உக்காந்திருக்கானுங்க பாரு!" என்று அவர் ஜன்னல் கதவைப் படபடவென்று தட்டினார். குளிர்காலம் முழுக்க அவருக்கு இதே வேலை.

வெயில் திரும்பிய ஒரு காலை, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி குரல் கொடுத்தாள்.

"என்னங்க, இங்க வாங்களேன். இதுக்கும் ஒரு விரல் இல்ல."

"அதெப்படி? மேஸ்திரி மஞ்சளாச்சே!"

"கழுத்தப் பாருங்க."

பழுப்புக்கு நடுவே, சாயம் தெறித்தது மாதிரி இரண்டு மஞ்சள் புள்ளிகள்.

"பழைய இறகு உதிர்ந்து வேற நெறத்துல முளைச்சிருக்கு. இப்ப மறுபடி மாறுது, அவ்வளவுதான்."

"அப்ப நான் இத்தன நாளா யார வெரட்டுனேன்?"

"அதையேதான்."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்தார். "வேலைல இருந்தப்ப கேட்டுக்கு ஒருத்தன் வந்தான்," என்றார். "எலும்பும் தோலுமா. 'நோய்ல கிடந்தேன்ணே, நான்தான்ணே'ன்னு கெஞ்சினான். ஆள் மாறாட்டம்னு திருப்பி அனுப்பிட்டேன். மறுநாள் அவன் வரல."

"அவன்தானா அது?"

"அதான் தெரியல. அன்னிக்கு சந்தேகமே வரலம்மா எனக்கு."

மறுநாள் அவரே தானியம் கொண்டுபோனார். அவர் தலையைக் கண்டதும் நான்கும் விர்ரென்று பறந்துவிட்டன.

"நீங்க உள்ள இருங்க," என்று மனைவி தானியத்தை வாங்கிக்கொண்டாள்.

அவர் சமையலறைக்குள் போய், திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டார். பாதி மஞ்சளும் பாதி பழுப்புமாக அவை ஒவ்வொன்றாக இறங்கின. எது யார் என்று அவருக்குப் பிடிபடவில்லை.