கணுக்காலில் கட்டும் கயிறு

என் பேத்தி சென்னையில் வேலை பார்க்கிறாள். லீவு நாளில் கோவளத்துக் கடலில் பலகை மேல் நின்று அலையோடு வருகிறாள். சர்ஃபிங் என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லைச் சொல்ல ரொம்பப் பிடிக்கும். வலங்கைமான் பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் சொல்லிவிடுவேன். அவள் அப்பாவுக்கு, அதாவது என் மகனுக்கு, அது ஆகாது. கடலில் இறங்குகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அவளோடு பேச்சை நிறுத்திவிட்டான்.

போன ஆடியில் அவள் அந்தப் பலகையைக் கார் கூரையில் கட்டி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். ஆளைவிட உயரம். என்னவோ எழுதியிருந்தது. எனக்குப் படிப்பு ஏது, மீன் படம் மட்டும் தெரிந்தது. வால் பக்கம் ஒரு கயிறு. கொட்டகையில் சாத்திவைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். கயிறு இருந்தால் கட்டுவதற்குத்தானே என்று நான் அதை மாட்டு முளையில் இறுக்கிக் கட்டிவிட்டேன். எங்கள் பசு புதுசாகக் கன்று போட்டது, நல்ல கறவை. அது பலகையையே முறைத்துக்கொண்டு நின்றது.

காலையில் பேத்தி பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“என்ன அப்பாயி, பலகை மேயப் போயிடும்னு கட்டிப் போட்டீங்களா?”

“பின்ன கயிறு எதுக்குடி?”

“இது என் கால்ல கட்டறது. லீஷ்னு பேரு.”

“ஒதைக்கிற மாட்டுக்குத்தான் கால்ல கட்டுவோம். நீ யாரை ஒதைக்கிற?”

முற்றத்தில் உட்கார்ந்து கட்டிக் காட்டினாள். பள்ளிக்கூட ஷூவில் பர்ரென்று பிரியுமே, அந்த மாதிரி பட்டை. பின்னால் ஊன்றுகிற காலில், கணுக்காலைச் சுற்றிப் போட வேண்டுமாம். கயிறு ரப்பர் போல இழுபட்டது.

“அலை கவுத்துட்டா நான் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம். கட்டலேன்னா அலை அதை அடிச்சிட்டுப் போயிரும், வழியில யார் மண்டையிலயாவது இடிக்கும். கட்டியிருந்தா பக்கத்துலயே மிதக்கும். பிடிச்சு ஏறிக்கலாம்.”

“எங்கயாவது மாட்டிக்கிட்டா?”

“பட்டையப் பிரிச்சா வந்துரும். ஆனா ஆத்துல, மரம் மதகு இருக்கிற எடத்துல, இதைக் கால்ல கட்டவே கூடாது. சிக்கிக்கும்.”

மதகு என்றதும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எனக்கு ஒரு மகள் இருந்தாள். என் மகனுக்குத் தங்கை. எங்கள் பக்கம் தார் வெட்டிய வாழைமரத்தை ஆற்றில் தள்ளி, அதைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் மிதப்பார்கள். மேட்டூர் திறந்து புதுத் தண்ணீர் வந்த சமயம். வாழைமரம் வழவழப்பு, கையை விட்டு நழுவி மதகுப் பக்கம் போய்விட்டது. அவளுக்கு நீச்சல் தெரியும், கரைக்கு வந்திருக்கலாம். மரத்தைப் பிடிக்கப் பின்னாலேயே போனாள். என் மகன் கரையில் நின்று “விட்டுட்டு வா, விட்டுட்டு வா” என்று கத்தியிருக்கிறான். மதகுக்கு அந்தப் பக்கம்தான் அவளை எடுத்தார்கள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் ஆற்றில் கால் நனைத்ததில்லை. ஆடிப்பெருக்குக்குக்கூடக் குடத்துத் தண்ணீரில்தான் பூப் போடுகிறோம்.

என் மகன் நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். இறங்கி வந்தான்.

“அன்னிக்கு இது இருந்திருந்தா?”

பேத்தி தலைகுனிந்தாள். ஆமாம் என்று சொல்லிவிடேன் என்று என் மனசு அடித்துக்கொண்டது.

“ஆத்துல இது உதவாதுப்பா. மதகுல சிக்கியிருக்கும்.”

அவன் அவள் காலில் இருந்த கயிற்றைப் பார்த்தான்.

“கடல்ல இது அறுந்துட்டா?”

“பலகைய விட்டுருவேன். நீந்திக் கரைக்கு வருவேன். பின்னாடி போகமாட்டேன்பா.”

அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கயிற்றை நுனியிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தவன், ஓரிடத்தில் நிறுத்தினான்.

“இங்க வெட்டு விழுந்திருக்கே.”

“மாத்தணும்பா.”

“மாத்திட்டுப் போ.”

பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளைப் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவேன்.

“புதுசு எவ்வளவு நீளம் வாங்கணும்?” என்று கேட்டான்.

“பலகை நீளத்துக்குப்பா.”

பலகையைத் தரையில் கிடத்தி, சாண் போட்டு அளக்க ஆரம்பித்தான். கண்ணைத் துடைத்ததில் பாதியில் கணக்கு விட்டுப்போயிற்று. மறுபடி அடியிலிருந்து அளந்தான்.