கக்கூஸைப் பூட்டி வச்ச நாள்

பதுளை டவுன்ல ரோடு கூட்டுறவங்க லயத்துல இருந்தோம். ஒரே வரிசையில இருந்த எட்டுக் காம்பரா வீட்டுக்கும் பொதுவா ரெண்டு கக்கூஸ். தொண்ணூத்தி சொச்சத்துல ஏதோ ஒரு திட்டத்துல கட்டிக் குடுத்தாங்க. சாவி என்கிட்ட. பள்ளிக்கூட வாசல் மிதிக்காத எனக்குக் கெடைச்ச ஒரே உத்தியோகம் அதான். இடுப்புல சொருகிக்கிட்டு கங்காணி மாதிரி நடப்பேன்.

எல்லாரும் கக்கூஸைப் பாவிக்கிறாங்களான்னு பார்க்க, கட்டிக் குடுத்த திட்டத்து ஆளுங்க வர்றாங்கன்னு சேதி வந்துச்சு. கழுவி, பினாயில் ஊத்தி, வாசல்ல மாவெலத் தோரணம் கட்டுனோம். அதுக்கப்புறம்தான் என் மூளை வேலை செஞ்சுச்சு. அழுக்காகிடக் கூடாதுன்னு, அவங்க வர்றதுக்கு முத நாளே பூட்டிட்டேன். ஆம்பளைங்க ஆத்தோரம் போயிட்டோம். பொம்பளைங்க விடியிறதுக்கு முந்தியே போயிட்டு வந்துட்டாங்க.

பக்கத்துக் காம்பரா அக்காவுக்குத்தான் முடியல. ஒரு கால் மேல லொறி ஏறி முடமானவங்க. கக்கூஸுக்கு அஞ்சு படி. படிக்குப் படி உக்காந்துதான் ஏறுவாங்க. வர்றவங்ககிட்ட ஒரு சரிவுப் பாதையும் பிடிக்க ஒரு கம்பியும் கேக்கணும்னு ஒரு வாரமா சொல்லிக்கிட்டே இருந்தாங்க.

ஆளுங்க வர்ற அன்னைக்குக் காலையில அக்கா கூப்பிட்டாங்க. "தம்பி, கொஞ்சம் தொறந்து விடுப்பா."

"பந்திக்கு முன்னாடி எலையில கை வைக்கலாமா அக்கா? அவங்க பார்த்துட்டுப் போகட்டும்"னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அக்காவும் சிரிச்சாங்க.

ஆளுங்க வந்து சேர மத்தியானமாச்சு. அக்கா வாசல் பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. கையில பைலோட வந்த மிஸ் கேட்டாங்க: "ஏறிப் போக முடியாதவங்க யாராச்சும் இருக்காங்களா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. கூச்சப்படுறாங்கன்னு நெனைச்சேன். என் வாய் சும்மா இருக்குமா? "இங்க எல்லாரும் ஓடியே போவாங்க மிஸ்."

மிஸ் சிரிச்சுக்கிட்டே தாள்ல சரி போட்டாங்க.

வேன் போனதும் பூட்டைத் தொறந்துட்டு, "வாங்க அக்கா, மொத டிக்கெட் உங்களுக்குத்தான்"னேன். அக்கா எந்திரிக்கல. என் வீட்டுக்காரியக் கூப்பிட்டு, மாத்துச் சேலை ஒண்ணு எடுத்தாரச் சொன்னாங்க. பெஞ்சுக்குக் கீழ சிமெண்டு நனைஞ்சு கெடந்துச்சு.

"நீ அந்தப் பக்கம் போப்பா"ன்னாங்க.

வேனைப் பிடிச்சுச் சொல்லிடலாம்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடுனேன். போயிருச்சு. எங்க லயத்துல முடியாதவங்க யாருமில்லன்னு சரி போட்ட அந்தத் தாளும் கூடவே போயிருச்சு.

மறுநாள் காலையில அக்கா படி படியா உக்காந்து ஏறுனாங்க. நான் தண்ணி வாளியத் தூக்கிக்கிட்டு பின்னால போனேன். மேல போனதும் வாளிய வாங்கிக்கிட்டு, என்னைப் பார்க்காமலே கதவைச் சாத்திக்கிட்டாங்க.