பொட்டு வைத்த உறை

அண்ணன் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப்போகும் லோரி ஓட்டினான். சம்பளம் வந்தால் கைப்பேசியில் தேடித் தேடிப் பழைய கடித உறைகள் வாங்குவான். இலங்கைச் சண்டையில் பிடிபட்டுச் சிறையில் கிடந்தவர்களுக்கு அவர்கள் வீட்டார் அனுப்பிய உறைகள். உள்ளே கடிதம் இருக்காது.

"காலி கவர வாங்கி என்னண்ணே பண்ணுவ?"

"எழுதுனது அவங்களுக்குள்ள இருக்கட்டும். போய்ச் சேந்துச்சான்னுதான் நான் பாக்குறேன்."

ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, தபால் முத்திரை, சிறையில் பிரித்துப் பார்த்த முத்திரை என்று காட்டுவான். பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள் நான். அவன் காட்டியதால்தான் அதையெல்லாம் படித்தேன்.

புக்கிட் ரோத்தான் பக்கம் லோரி கவிழ்ந்து அண்ணன் போய்விட்டான்.

"ஜெயில் கடுதாசிய வீட்ல வச்சா நல்லதா நடக்கும்?" என்றாள் அம்மா. கருமாதிக்கு வரும் பாயிடம் ஆல்பத்தைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தாள். சபாக்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அவரும் உறை சேர்ப்பவர், அண்ணனின் கூட்டாளி. அதில் ஒரே ஓர் உறை எனக்கு வேண்டும் போலிருந்தது. அம்மாவிடம் கேட்க வாய் வரவில்லை.

கருமாதியன்று அத்தை படையல் போட்டாள். கோழி வறுவல், ஐஸ் மைலோ, புதுச் சட்டை. அவனுக்குப் பிடித்ததாயிற்றே என்று ஆல்பத்திலிருந்து ஓர் உறையை உருவி இலையோரம் வைத்தாள். சட்டைக்கு வைத்த மாதிரியே அதற்கும் சந்தனம் குழைத்துக் குங்குமப் பொட்டு வைத்துவிட்டாள்.

"ஐயோ அத்தை! அதுல தண்ணியே படக்கூடாது!"

"பொட்டு வைக்காம படைப்பாங்களாடி? என்னா பேசுற?"

கும்பிட்டு முடித்ததும் பாய் வந்தார். ஆல்பத்தை வாங்கிக்கொண்டு, அந்த உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சந்தனம் தாளில் ஊறியிருந்தது.

"இத்தன பேரு முத்திர குத்துனாங்க. கடைசியா உங்க அத்தையும் ஒண்ணு குத்திட்டாங்க லா," என்று சிரித்தார். கண் கலங்கியிருந்தது. "பரவால்ல தங்கச்சி, நான் பத்திரமா வச்சுக்கிறேன்."

ஆல்பத்துக்குள் செருகப் போனவரை அம்மா தடுத்தாள்.

"அது மட்டும் வேணாம் பாய். படையல்ல வச்சத வெளிய குடுக்க மாட்டோம். வீட்டாளுதான் எடுத்துக்கணும்."

"யாருக்குக்கா?"

"இவ மூஞ்சியப் பாருங்க. காலைலேருந்து ஒரு வாய் சாப்பிடல."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். உறையின் ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்து என்னிடம் நீட்டினாள்.