கொதிநீரில் சுருங்காத தோல்

ஆம்பூரிலிருந்து வேலூர் ஆஸ்பத்திரிகளுக்கு நோயாளிகளைக் காரில் ஏற்றிப்போவது என் தொழில். பழைய டீசல் கார். வாங்கும்போது டர்போ இருக்கிறது என்றார்கள். ஜெட் விமானத்தின் தம்பியையே வாங்கிவிட்டதாகத் தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன். போன மாதம் அந்த விமானம் மாதனூர்ப் பக்கம் ஒரு மேம்பாலத்தில் மூச்சிரைத்தது. தரையோடு மிதித்தும் ஏறவில்லை, பின்னால் கரும்புகை. வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று எங்களை முந்தியது. அதன் டிரைவர் டாட்டா வேறு காட்டினார். பின்சீட்டில் டயாலிசிஸுக்குப் போகும் அம்மா, "நான் வேணா எறங்கிக்கட்டுமாப்பா?" என்றார். கிண்டலில்லை, உண்மையாகவே கேட்டார்.

மறுநாள் வண்டியை மெக்கானிக் பாயிடம் விட்டேன். பள்ளிக்கூட நாளிலிருந்து தோஸ்த்.

"இன்னா தோஸ்த், ராக்கெட் புஸ்வாணம் ஆயிட்ச்சா?" என்றபடி பானெட்டைத் திறந்தான்.

டர்போ, இன்ஜின் புகையின் வேகத்தில் சுற்றும் ஒரு காற்றாடி. அது இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும். திணிப்பு ஜாஸ்தியானால் புகையை ஓரமாக வெளியே விட ஒரு சின்னக் கதவு உண்டு, பெயர் வேஸ்ட்கேட். அழுத்தம் ஏறினால் ஒரு கம்பி தள்ளித் திறக்கும், இறங்கினால் ஸ்பிரிங் இழுத்து மூடும். ரப்பர் குழாய்களில் கிழிசல் இல்லை. பாய் கைப்பம்பை மாட்டிக் காற்றடித்தான். கம்பி தயங்கித் தயங்கிப் பாதி நகர்ந்தது. காற்றை விட்டான். கம்பி திரும்பவில்லை.

"கதவு மூட மாட்டேங்குது. வர்ற புகையெல்லாம் காத்தாடிய சுத்தாம ஓரமா ஓடிப்போவுது, அப்புறம் எங்க இழுக்கும்?" டார்ச்சை உள்ளே அடித்தவன் சிரித்துவிட்டான். "இது இன்னாபா? எவனோ கம்பியோட பின்னுல தோல் வாஷர் போட்டு வெச்சிக்கிறான்!"

எவனோ இல்லை. என் மனைவி.

அவள் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருந்தவள். கம்பி கதவோடு சேரும் பின் தேய்ந்துபோய், இன்ஜினை அணைக்காமல் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் கடகடத்தது. "யோவ், இது காரா, கிலுகிலுப்பையா?" என்பாள். டர்போ என்றால் அப்படித்தான், உனக்குப் புரியாது என்று பெரிய இன்ஜினியர்போல் சொல்வேன். ஒருநாள் கம்பெனியிலிருந்து ஒரு துண்டுத் தோலோடு வந்தாள். சூட்டில் சுருங்கிடும் என்றேன். டீ போடும் பாத்திரத்தில் தண்ணீர் வைத்துத் தோலைக் கொதிக்கவிட்டாள். எங்கள் ஊரில் அதுதான் பரீட்சை: கொதிநீரில் சுருங்காத தோல், பாஸான தோல்.

சுருங்கவில்லை. "பாத்தியா, குரோம்ல பதம்போட்ட நல்ல தோலு. உன் டர்போ இத இன்னா கிழிச்சிடும்?"

டர்போவின் சூட்டுக்குக் கொதிநீர் மோர் மாதிரி என்பது அவளுக்குத் தெரியாது. இன்ஜினியருக்கும் தெரியாது. அவளே வட்டமாகப் பஞ்ச் அடித்து, பானெட்டுக்குள் பாதி உடம்பை நுழைத்து மாட்டினாள். சத்தம் நின்றது. அந்தப் பாத்திரத்தில் அடுத்துப் போட்ட டீயை மட்டும் எனக்கே கொடுத்தாள்.

மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வேலூருக்குப் போகும்போது என் காரில்தான் போனாள். வரும்போது வேறு வண்டி.

வாஷர் அவள் போட்டது என்று பாயிடம் சொன்னேன். கையிலிருந்த பிளேடைக் கீழே வைத்தான்.

"அப்டியே வுட்டுடலாம் தோஸ்த். நாப்பதுலயே ஓட்டு. யாரு கேக்கப்போறா?"

நானும் அதைத்தான் யோசித்தேன். அவள் புடவைகள் பீரோவில் சும்மா கிடக்கின்றன. அவள் கைபட்டதில் இன்னும் வேலையில் இருந்தது இந்த வாஷர் ஒன்றுதான். வேலையைத் தப்பாகத்தான் செய்தது. அதனாலென்ன, நான் செய்யாததா? ஆனால் காலையில் டயாலிசிஸ் அம்மாவைக் கூட்டிப்போக வேண்டும். அவர் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

"குடு, நானே எடுக்குறேன்."

முழுசாக எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இறுகிக் கரியாகியிருந்தது. பிளேடு பட்டதும் பொடிந்தது. பிடிக்கக் கையை நீட்டுவதற்குள் ஸ்பிரிங் கம்பியை டக்கென்று இழுத்துக்கொண்டது. பொடி இன்ஜினுக்கடியில் போய்விட்டது. குனிந்த நான் நிமிரவில்லை.

"இன்னா பண்ற?"

"ஆயில் பாக்குறேன்."

"ஆயில் குச்சி அந்தப் பக்கம் கீது," என்றான் பாய், மெதுவாக.

புதுப் பின், இரும்புக் கிளிப் போட்டான். பம்பு அடித்தால் கம்பி போனது, விட்டால் திரும்பியது. அதே மேம்பாலத்துக்கு ஓட்டிப்போனோம். கார் முதுகைச் சீட்டோடு அழுத்திக்கொண்டு ஏறியது.

"இழுக்குதா?"

"இழுக்குது."

பாய் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பாலம் இறங்கியும் நான் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை.

"போதும் தோஸ்த், திரும்பலாம்."

"இன்னும் கொஞ்சம்," என்றேன்.