நூறாவது கிலோமீட்டர்

எங்கள் அண்ணனைக் கடைத்தெருவில் எல்லோரும் 'மரை' என்றுதான் கூப்பிடுவார்கள். நட்டுக்குள் சுற்றிச் சுற்றி ஓடுகிறதே, அந்த மரை. பிடிக்காதவர்கள் அதோடு 'கழண்டது' என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்வார்கள். சேர்த்துக்கொள்ளட்டும். காருக்கு அலாய் வீல் மாட்டுகிற கடையில் ஒரு மனிதன் வீலை விட்டுவிட்டு நட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் வேறெப்படிப் பேசுவார்கள்? நான் அவன் தங்கை. பில் போடுவதும் போன் எடுப்பதும் என் வேலை. அண்ணன் பேச வேண்டியதையெல்லாம் அவனுக்குப் பதிலாகப் பேசுவதும் என் வேலைதான்.

கடைக்கு வருகிறவர்கள் வீலைத்தான் பார்ப்பார்கள். கறுப்பா, வெள்ளியா, எத்தனை கம்பி, எவ்வளவு பளபளப்பு என்று அரை நாள் போகும். அண்ணன் பொறுமையாக நின்றுவிட்டுக் கடைசியில் ஒன்றே ஒன்று கேட்பான்: "நட்டு?"

"அதான் பழசு நல்லா இருக்கே!"

அவ்வளவுதான், அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். வீலில் நட்டு உட்காருகிற பள்ளம் சிலதில் கிண்ணம் மாதிரி வளைந்திருக்கும், சிலதில் புனல் மாதிரி சரிந்திருக்கும். வளைந்த பள்ளத்துக்கு உருண்ட முகமுள்ள நட்டு, சரிந்த பள்ளத்துக்குச் சரிந்த முகமுள்ள நட்டு. மாற்றிப் போட்டாலும் இறுகியது போலவே தெரியும். ஆனால் உள்ளே தலைமுடி அளவு விளிம்பில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும், ஓட ஓட இளகிவிடும். மரையும் பொருந்த வேண்டும். நட்டை முதலில் விரலால்தான் சுற்றுவான். ஆறு சுற்றாவது தடங்கல் இல்லாமல் போனால்தான் அது சரியான நட்டு. இரண்டாவது சுற்றிலேயே சிக்கினால் எடுத்துத் தனியே வைத்துவிடுவான். சிக்கிய நட்டை மெஷினை வைத்து அடித்து ஏற்றுகிறவர்களைப் பற்றி அவன் சொல்வதை இங்கே எழுத முடியாது.

நட்டிடம் இவ்வளவு பக்குவமாக இருக்கிறவனுக்குப் பெண்டாட்டியிடம் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேச வராது.

அண்ணிக்கு மலைமேல் அணைக்கட்டில் வேலை. தினமும் நீர்மட்டம் அளந்து எழுத வேண்டும். இங்கிருந்து இருநூற்றெண்பது கிலோமீட்டர். ஒரு வருஷம்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள், ஆறு வருஷம் ஆகிவிட்டது. சண்டை கிண்டை ஒன்றும் கிடையாது. போன புதிதில், "நீங்களும் வாங்களேன், இங்கயும் கார் ஓடத்தான் செய்யுது" என்று கூப்பிட்டாள். "கடை இருக்கே" என்றான் இவன். இன்னொரு தடவை கூப்பிட்டாள். அதற்கும் அதே பதில். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் நானும் கேட்டிருக்க மாட்டேன்.

அதற்காக அவனுக்கு ஆசை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. காலையில் பேப்பர் வந்ததும் கடைசிப் பக்கத்துக்குப் போவான். அங்கே ஒரு மூலையில் அணைகளின் நீர்மட்டம் போட்டிருக்கும். "அறுபத்தெட்டு அடி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். "நமக்கு எதுக்குண்ணா அது, நாம என்ன விவசாயமா பண்றோம்?" என்று ஒருநாள் கிண்டல் செய்தேன். "அவ எடுத்த அளவும்மா" என்றான். அதற்குப் பிறகு நான் அதைக் கிண்டல் செய்வதில்லை.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை அண்ணி போன் செய்தாள். வேலை நிரந்தரமாகிவிட்டதாம், பீரோவில் இருக்கிற ஒரிஜினல் சர்டிபிகேட்டுகள் வேண்டுமாம், மறுநாள் காரில் வந்து எடுத்துக்கொண்டு உடனே திரும்ப வேண்டுமாம்.

மறுநாள் அண்ணன் இரண்டு தடவை ஷேவ் செய்தான். நான் நேராகவே சொல்லிவிட்டேன். "அண்ணா, நிரந்தரம்னா என்னன்னு புரியுதா? இனிமே அவங்க இங்க வர்றதுக்கு ஒரு காரணமும் இல்ல. இன்னைக்கு நீ வாயத் தொறந்தே ஆகணும். 'நானும் உன்கூட வரேன்'னு சொல்லு. கடைய நான் பாத்துக்கறேன்."

"சொல்றேன்."

"எப்போ?"

"சொல்றேன்னு சொல்றேன்ல!"

பதினோரு மணிக்குக் கடை வாசலில் கார் வந்து நின்றது. நான் அண்ணியைப் பார்த்தேன், இளைத்திருந்தாள். அண்ணன் அவளைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. அவன் கண் நேரே சக்கரத்துக்குப் போய்விட்டது. நான்கும் புத்தம் புது அலாய் வீல்கள்.

"பழசு துருப்பிடிச்சுப் போச்சு. ஆபீஸ்ல சொன்னாங்க, அங்கயே ஒரு கடையில மாத்திட்டேன்" என்றாள் அண்ணி. "மலை இறங்கும்போது முன்னாடி டொக் டொக்னு ஒரு சத்தம் வருது. அதையும் கொஞ்சம் பாருங்க."

அண்ணன் குந்தி உட்கார்ந்து நட்டுகளைத் தடவிப் பார்த்தான். "வீல் வாங்கும்போது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா வந்திருப்பீங்களா?"

அண்ணன் எழுந்து ஜாக்கியை எடுக்கப் போய்விட்டான்.

புது வீலுக்குப் பழைய நட்டையே மாட்டி அனுப்பியிருந்தார்கள். சரிந்த பள்ளங்களில் இருபது உருண்டை நட்டுகள். இடது முன்சக்கரத்தில் மூன்று நட்டுகள் விரலாலேயே கழன்று வந்தன. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் அவள் இந்தச் சக்கரத்தோடுதான் இறங்கி வந்திருக்கிறாள்.

"அவ்ளோ மோசமா?" என்றாள் அண்ணி.

"ம்" என்றான்.

பிறகு நட்டு தேடினான். அந்த வீலில் துளை குறுகல், சாதாரண நட்டை மாட்டினால் ஸ்பேனர் உள்ளே போகாது. ஒல்லியான நட்டாக, சரிந்த முகமாக, அதே மரையாக வேண்டும். நாலு டப்பாவைக் கவிழ்த்துப் பொறுக்கினான். ஒரு நட்டின் முகத்தில் மார்க்கர் மையைத் தடவி, முடுக்கிக் கழற்றிப் பார்த்தான். பள்ளம் முழுக்க மை சீராகப் படிந்திருந்தது. அப்போதுதான் அவன் முகத்துக்கு ரத்தம் திரும்பியது. அண்ணி ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு நட்டாக எடுத்துக் கொடுத்தாள். அவன் வாங்கி விரலால் சுற்றினான். "ஆறு… ஏழு" என்று அவன் முணுமுணுக்க, அவளும் கூடவே எண்ணினாள். கல்யாணமான புதிதில் கூட அவர்களை இவ்வளவு நெருக்கமாக நான் பார்த்ததில்லை. வராத போனை எடுத்து யாரோடோ பேசுகிற மாதிரி பாவனை செய்துகொண்டு உள்ளே போய்விட்டேன்.

திரும்பி வரும்போது, அண்ணன் காலையிலேயே வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்த சர்டிபிகேட் பை காருக்குள் ஏறியிருந்தது. புது வீல் மாட்டினால் நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து நட்டுகளை இன்னொரு தடவை முடுக்கிப் பார்க்க வேண்டும், இது எங்கள் கடையின் சட்டம். அதை அண்ணன் சொன்னான்.

"நூறு ஓடினா நான் நடுவழியில எங்கயோ இருப்பேனே" என்று சிரித்தாள் அண்ணி. "ரெஞ்சக் குடுங்க, நானே பாத்துக்கறேன்."

"வேண்டாம். நானே வரேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆறு வருஷம் கழித்து அந்த வாயிலிருந்து வந்துவிட்டது! அண்ணியும் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

"நூறு வரைக்கும்" என்று அவனே சேர்த்துச் சொன்னான். அவன் கையில் இருந்த ஸ்பேனரைப் பிடுங்கி மண்டையில் ஒன்று போடலாமா என்றிருந்தது. அவன் ரெஞ்ச் பெட்டியோடு ஏறியதும் அண்ணி வண்டியைக் கிளப்பினாள்.

அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை. போன் அடித்தபோதெல்லாம், 'நான் அவகூடயே போறேன், கடையப் பாத்துக்க' என்று சொல்லத்தான் கூப்பிடுகிறான் என்று பாய்ந்து பாய்ந்து எடுத்தேன். எல்லாம் டயருக்குக் காற்றடிக்கிற சந்தேகங்கள். ஆறரை மணிக்கு ரெஞ்ச் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தான்.

"கேட்டியா?"

"தொண்ணூறு ஆனதும் கேக்கலாம்னு இருந்தேன். அப்போ பாத்து ஒரு லாரி குறுக்க வந்துச்சு. அதுக்குள்ள நூறு ஆயிடுச்சு. ஒரு பெட்ரோல் பங்க் ஓரமா நிறுத்தினா."

அந்த ரெஞ்சில் வேண்டிய இறுக்கத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம். நட்டு அந்த அளவில் நின்றிருந்தால் வைத்த உடனே 'டக்' என்று சொல்லும். தளர்ந்திருந்தால் கொஞ்சம் சுழன்ற பிறகுதான் சொல்லும்.

"இருபதும் வச்ச உடனே டக்கும்மா. ஒவ்வொண்ணுல வைக்கும்போதும், இதாவது கொஞ்சம் சுத்தாதான்னு இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணு தளர்ந்திருந்தாக்கூட, இன்னொரு நூறு போய்ப் பாக்கணும்னு சொல்லி அப்படியே போயிருப்பேன்." வாழ்நாளெல்லாம் ஒரு நட்டும் தளரக் கூடாது என்று உயிரை விடுகிறவன் சொன்ன பேச்சு இது.

"அண்ணி என்ன சொன்னாங்க?"

"பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்தா. கடைசி நட்டு முடிஞ்சதும், 'ஒண்ணு கூடவா லூசாகல?'ன்னு கேட்டா. 'ஒண்ணு கூட இல்ல'ன்னேன். 'நல்லா போட்டிருக்கீங்க'ன்னா. பஸ் வர்ற வரைக்கும் கூடவே நின்னுட்டுக் கிளம்பிட்டா."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "அடப்பாவி அண்ணா! அவங்க அப்படிக் கேட்டும் உனக்குப் புரியலையா? ஒண்ணு லூசா இருக்குன்னு சொல்லித் தொலைச்சிருக்க வேண்டியதுதானே!"

"புரிஞ்சுதும்மா. ஆனா டைட்டா இருக்கற நட்டப் போய் லூசுன்னு எப்படிப் பொய் சொல்றது?"

"பொய்யே வேண்டாம். 'நட்டெல்லாம் சரியா இருக்கு, ஆனா நான் உன்கூட வரேன்'னு சொல்லியிருக்கலாமே. அது பொய்யா?"

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பெட்டியைக் கீழே வைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"அது தோணவே இல்லையேம்மா" என்றான். ஐம்பத்திரண்டு வயது ஆள், கடை நடுவில் நின்று, சத்தமே இல்லாமல் அழுதான்.