வீரம்மா இறுக்கிய சக்கரம்

வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் என் அண்ணன் மனைவி வீரம்மாவைப் போல ஒரு சந்தேகப் பிராணியை நான் பார்த்ததில்லை. கொழுந்து நிறுக்கும்போது தராசு முள் பூச்சியத்தில் நிற்காவிட்டால் சாக்கை மாட்ட விடாமல் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மழையில் நனைந்தபடி பின்னால் நிற்கும் எங்களுக்கு எரிச்சலாக வரும்.

2003இல் அவளுக்குக் குடலில் கோளாறோடு பிள்ளை பிறந்தது. கண்டியில் ஆபரேஷன் செய்தார்கள். குடல் ஆறும்வரை வாயால் ஒரு சொட்டும் கூடாது, சாப்பாடெல்லாம் நரம்பு வழியாகத்தான் என்றார்கள். துணைக்கு நான் போயிருந்தேன். வாரங்கள் போகப்போகப் பிள்ளை சுமனின் கண் மஞ்சளானது. நரம்பில் ஏற்றும் போத்தல்தான் பிள்ளையைக் கெடுக்கிறது என்று என் காதைக் கடித்தாள். நான் வாயை மூடச் சொன்னேன்.

ஒருநாள் நர்ஸ் புதிதாக ஒரு சின்னப் போத்தலையும் மாட்டி, ஈரலுக்கு நல்லது என்று சிங்களத்தில் சொன்னாள். வீரம்மாவுக்கு நன்றாகவே புரிந்தது, நம்பத்தான் இல்லை. நர்ஸ் நகர்ந்ததும், கொக்கியைப் பிடிக்கிற அதே வீம்போடு, இரண்டு போத்தலும் சேரும் குழாயில், சொட்டை நிறுத்தும் சின்னச் சக்கரத்தை இறுக்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை வேர்த்துத் துவண்டுபோனான்.

ஓடிவந்த டாக்டர் குணபூசணி, யாழ்ப்பாணத்துக்காரர், சீனித் தண்ணீர் ஏற்றிப் பிள்ளையை மீட்டார். அவர் ஏசவில்லை. ஏன் பூட்டினீர்கள் என்று மட்டும் கேட்டார்.

"இதாலதாங்க புள்ளைக்கு மஞ்சளாகுது," என்றாள் வீரம்மா.

"ஓம், நீங்கள் நினைச்சது பிழையில்லை. கனநாள் ஏத்தினா ஈரல் பழுதாகலாம். நிப்பாட்டினா பிள்ளை தப்பாது. சின்னப் போத்தலில இருக்கிறது அமினோ அமிலம். ஈரலுக்கு உதவலாம். உதவும் எண்டு சத்தியம் பண்ண என்னால ஏலாது."

வீரம்மா அழுதுவிட்டாள். தராசுப் பக்கம் நிற்கும் ஒருவர், தன் முள்ளும் பிழையாக இருக்கலாம் என்று அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அப்ப ஏத்துங்க. நான் பக்கத்துலயே ஒக்காந்து பாத்துக்கிட்டிருப்பேன்," என்றாள்.

குடல் ஆறிப் பால் குடிக்கத் தொடங்கிய பிறகு மஞ்சள் மெல்லக் குறைந்தது. பாலா, சின்னப் போத்தலா, எது காப்பாற்றியது என்று டாக்டருக்கும் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னார்.

இப்போது சுமன் பள்ளிக்கூடம் போகிறான். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் புறப்படும் முன் வீரம்மா அவனை லய வீட்டு வாசல் வெளிச்சத்துக்கு இழுத்து, இமையை இறக்கிப் பார்க்கிறாள். நானும் எட்டிப் பார்க்கிறேன். வெள்ளையாகத்தான் இருக்கிறது என்கிறேன். அவள் மற்றக் கண்ணையும் பார்க்கிறாள்.